தைக்காமல் விட்ட வயிறு

“வயிற்றைத் தைக்காமல் பிளாஸ்டிக் பையால் மூடிய வைத்தியர்கள்.”

1998ஆம் ஆண்டு நான் எழுதிய செய்தியொன்றின் தலைப்பு இது. முதற்பக்கத்தில், நான்கு பத்தி அகலத்தில், படத்துடன் வந்தது. மாத்தளைப் பகுதிச் செய்திகளை அனுப்பிக்கொண்டிருந்த இளம் நிருபனுக்கு முதற்பக்கம் கிடைப்பது அவ்வளவு எளிதல்ல. அன்று காலையில் பஸ் நிலையக் கடையில் மூன்று பிரதிகள் வாங்கினேன். அந்தச் செய்தியில் இருந்த தகவல்கள் அத்தனையும் உண்மை. செய்தி மட்டும் பொய்.

சென்ற ஆண்டு இறுதியில் லக்கலவுக்குப் போய்வந்த பிறகு இதை எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

லக்கல, மாத்தளை மாவட்டத்தின் கிழக்குக் கோடி. நக்கிள்ஸ் மலைத்தொடரின் அப்புறச் சரிவு. ரத்தோட்டையிலிருந்து ஏறி, ரிவஸ்டன் கணவாயைக் கடந்து, இலுக்கும்புர வழியாக இறங்கினால் பல்லேகம. வயலும் சேனையும் காடும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் பூமி. காட்டுப்பன்றி இறங்கினால் ஓர் இரவில் ஒரு குடும்பத்தின் ஆறுமாத உழைப்புப் போய்விடும். அதற்காகவும், இறைச்சிக்காகவும், காட்டுத் தடங்களில் கட்டுத்துவக்கு வைப்பார்கள். சிங்களத்தில் ‘பெந்தி துவக்குவ’. நாட்டுத் துவக்கொன்றை மரத்தோடு பிணைத்து, விசையிலிருந்து ஒரு கம்பியைத் தடத்தின் குறுக்கே இழுத்துக் கட்டிவிடுவது. மிருகம் கம்பியில் பட்டால் வெடிக்கும். மனிதன் பட்டாலும் வெடிக்கும். சட்டப்படி குற்றம், ஆனாலும் வைப்பவர்கள் வைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

பன்றியின் உயரத்துக்குக் குறிபார்த்து வைக்கப்படுவதால் பெரும்பாலும் மனிதர்களின் கால்களையே அது பதம் பார்க்கும். நான் எழுதிய மனிதருக்கு அப்படி நடக்கவில்லை. ரத்தோட்டைக்கு மேலேயுள்ள தோட்டமொன்றைச் சேர்ந்த தமிழர் அவர். ஏலக்காய்க் கூலிக்காக மலைக்கு அப்பால் போயிருந்தார். (நக்கிள்ஸ் காடு 2000ஆம் ஆண்டு பாதுகாக்கப்பட்ட வனமாக்கப்படுவதற்கு முந்திய காலம்; ஏலக்காய் வாடிகள் அங்கே நிறைய இருந்தன.) விடியுமுன் சரிவில் ஏறும்போது, முதுகுச் சாக்கைச் சரிசெய்யக் குனிந்தார். கால் கம்பியில் பட்டது. ஈயச் சன்னங்கள் வயிற்றின் வலப்புறத்தில் பாய்ந்தன.

இரண்டு கம்புகளில் சாக்குகளைக் கோத்துத் தொட்டில் செய்து, உடனிருந்த நால்வர் அவரைத் தெருவுக்குச் சுமந்துவந்தார்கள். பிறகு ஒரு லொறி. ரிவஸ்டனில் அன்று மூடுபனியும் காற்றும். அங்கே அடிக்கும் காற்றை அறிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இரத்தத்தில் நனைந்த சட்டையோடு, தார்ப்பாயின் கீழ் அவர் கிடந்தார். மாத்தளையில் முதற் சிகிச்சை முடிந்து இன்னும் பெரிய வைத்தியசாலையொன்றின் சத்திரசிகிச்சைக் கூடத்தை அடைந்தபோது நண்பகலாகியிருந்தது. அந்த வைத்தியசாலையின் பெயர் இங்கே வேண்டாம். அவர்கள் செய்த தவறு எதுவும் இல்லை என்பதுதான் நான் சொல்ல வந்ததே.

மறுநாள் மாலை அவருடைய தம்பி என்னைத் தேடி வந்தார்.

“ஐயா, எங்கண்ணன் வயித்தத் தைக்காமலேயே விட்டுட்டாங்கையா. சேலைன் பையை வெட்டி மேல வச்சுத் தச்சிருக்காங்க. உள்ளுக்குள்ள குடல் தெரியுது. துணிய வேற உள்ளுக்கு வச்சிருக்காங்களாம். தோட்டத்து ஆளுங்கன்னா இப்பிடித்தானா?”

அந்தக் கடைசிக் கேள்விதான் என்னைப் பிடித்துக்கொண்டது. தோட்டத்து மக்கள் ஆஸ்பத்திரிகளில் எப்படி நடத்தப்பட்டார்கள் என்பதற்கு என்னிடம் வேறு பல உதாரணங்கள் இருந்தன. ஆகவே இதையும் அந்த வரிசையில் சேர்த்துக்கொள்ள ஒரு கணமும் தயங்கவில்லை. விடுதிக்குப் போனேன். பார்த்தேன். தம்பி சொன்னது சரிதான். கடமையிலிருந்த தாதியிடம் கேட்டேன். “டொக்டரிடம் கேளுங்கள்” என்றார். டொக்டர் கூடத்தில் இருந்தார். நான் காத்திருக்கவில்லை. பத்திரிகைக்கு நேரமாகிவிட்டது. தோட்டத்தில் எடுத்த பழைய குடும்பப் படமொன்றைத் தம்பியிடம் வாங்கி அனுப்பினேன்.

செய்தி வெளியான நான்காம் நாள், அறிமுகமான ஆசிரியர் ஒருவர் மூலம் அந்தச் சத்திரசிகிச்சை நிபுணர் என்னை வரச் சொல்லியிருந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்துப் போனேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், அறுபதை நெருங்கியவர். உட்காரச் சொல்லி, மேசையிலிருந்த தாளொன்றை எடுத்துப் பின்பக்கத்தில் படம் கீறத் தொடங்கினார்.

“தம்பி, நீங்கள் என்ன படித்தனீங்கள்?”

“பேராதனையில் கலைப் பட்டம், டொக்டர்.”

“அப்ப முதலிலிருந்து சொல்லுறன்.”

அன்று அவர் சொன்னதையும், வெட்கத்தினால் பின்னாளில் நானே தேடி வாசித்ததையும் சேர்த்துத்தான் கீழே எழுதுகிறேன்.

வயிற்றின் பின்சுவரை ஒட்டி, முள்ளந்தண்டுக்கு முன்னால் இரண்டு பெருங்குழாய்கள் ஓடுகின்றன. ஒன்று பெருநாடி, இதயத்திலிருந்து அழுத்தத்தோடு இரத்தம் இறங்குவது. அதன் வலப்பக்கத்தில் கீழ்ப்பெருநாளம். கால்களிலிருந்தும் இடுப்பிலிருந்தும் இரத்தம் திரும்பிச் செல்வது. இவற்றின் கிளைகள் குடலுக்கும் ஈரலுக்கும் சிறுநீரகங்களுக்கும் பிரிகின்றன. இவற்றில் ஒன்று கிழிந்தால் வெளியே அவ்வளவாக இரத்தம் தெரியாது. மனிதன் தன் வயிற்றுக்குள்ளேயே இரத்தத்தைக் கொட்டிக்கொண்டு சாவான்.

பெருநாடி அகலக் கிழிந்தவர்களில் பெரும்பாலோர் வைத்தியசாலையின் வாசலைக் காண்பதில்லை. நாளம் கிழிந்தவருக்குச் சில வேளைகளில் ஒரு தவணை கிடைக்கும். நாளத்தில் அழுத்தம் குறைவு. வெளிவந்த இரத்தம் பின்சுவர்ச் சவ்வுக்குள் தேங்கி, உறைந்து, கிழிசலைத் தானே அழுத்தி மூடிக்கொள்ளும். நம்மவருக்கு நடந்தது அதுதான். ஆறு மணித்தியாலங்களுக்கு மேலாக அவரை வைத்திருந்தது அந்த இரத்தக் கட்டி. குருதியமுக்கம் மிகவும் இறங்கியிருந்ததும் உதவியது என்றார் டொக்டர். வழிநெடுக யாராவது சேலைனை ஏற்றி அமுக்கத்தை உயர்த்தியிருந்தால் கட்டி உடைந்து ரத்தோட்டைக்கு முன்பே முடிந்திருக்கலாம். “உங்கட றோட்டில சேலைன் போட ஆளில்லாததும் ஒரு வகையில் நல்லதாப் போச்சு” என்று அரைச் சிரிப்போடு சொன்னார். இது வெறும் வாய்ப்பேச்சல்ல. உடலின் நடுப்பகுதியில் துளைக்காயம் பட்டவர்களுக்குச் சத்திரசிகிச்சைக்கு முன்பே திரவம் ஏற்றுவதைவிட, கூடம் வரை பொறுப்பது நல்லது என்று ஹூஸ்டன் நகர ஆய்வொன்று 1994இல் வெளிவந்திருந்தது. அதை அவர் வாசித்திருந்தார்.

ஆனால் வயிற்றைத் திறந்த கணத்தில் அந்தக் காவல் போய்விடும். தேங்கியிருந்தது பீறிடும். ஆகவே திறப்பதற்கு முன்பே இரத்தம் தயாராக இருக்க வேண்டும். திறந்ததும் முதலில் கையால், துணியால் அழுத்த வேண்டும். பிறகுதான் தேட வேண்டும். தேடுவதும் லேசல்ல. குடலும் ஈரலும் சதையியும் முன்னால் கிடக்கின்றன, குழாய்கள் பின்னால். அவற்றைப் பக்கவாட்டில் விடுவித்து, ஒரு புத்தகத்தின் பக்கங்களைப் புரட்டுவதுபோல மறுபுறம் புரட்டினால்தான் காயம் கண்ணில் படும். இடப்புறத்து உறுப்புகளை வலப்பக்கம் புரட்டிப் பெருநாடியைக் காணும் முறைக்கு ஹூஸ்டனின் கென்னத் மட்டொக்ஸின் பெயரே வழங்குகிறது. எல்லா இரத்தக் கட்டியையும் திறக்கவும் கூடாது. பஸ் மோதி இடுப்பெலும்பு நொறுங்கியவரின் இடுப்புக்குள் தேங்கிய கட்டியைத் தொடாமல் விடுவதே விதி. துவக்குச் சன்னத்தின் வழியில், நடுக்கோட்டில் தேங்கியதை விடவே முடியாது.

இரத்தக் குழாயைத் தைக்கலாம் என்பதே உலகம் தாமதமாகக் கற்ற பாடம். 1894 ஜூன் 24ஆம் திகதி பிரான்சின் ஜனாதிபதி சாடி கார்னோ லியோன் நகரில் கத்தியால் குத்தப்பட்டார். ஈரலுக்குச் செல்லும் வாயினாளம் அறுந்திருந்தது. நாட்டின் முதல் மனிதர், சுற்றிலும் வைத்தியர்கள், நள்ளிரவு தாண்டியதும் இறந்துபோனார். அந்த நாளத்தைத் தைக்க அப்போது யாருக்கும் தெரியாது. அந்நகரில் வைத்தியம் படித்துக்கொண்டிருந்த அலெக்சிஸ் கரெல் என்ற இளைஞரை இது உறுத்தியது. துணி கிழிந்தால் தைக்கிறோம், நாளம் கிழிந்தால் ஏன் தைக்கக் கூடாது? பட்டுக்குப் பேர்போன லியோனில் பூவேலை செய்யும் பெண்ணொருவரிடம் மெல்லூசித் தையலைக் கற்றார். குழாயின் வாயை மூன்று இடங்களில் பிடித்து முக்கோணமாக இழுத்துத் தைக்கும் முறையை 1902இல் வெளியிட்டார். 1912இல் நோபல் பரிசு கிடைத்தது.

தைக்கத் தெரிந்தும் காப்பாற்ற முடியாத காயங்கள் உண்டு. ஜனாதிபதி கென்னடியைச் சுட்டதாகக் கைதான லீ ஹார்வி ஒஸ்வால்ட், 1963 நவம்பர் 24ஆம் திகதி முற்பகல் 11.21க்கு டலஸ் பொலிஸ் தலைமையகத்தில் தொலைக்காட்சிக் கமராக்களின் முன்னாலேயே சுடப்பட்டார். ஒரே குண்டு. பத்துப் பன்னிரண்டு நிமிடங்களில் பார்க்லண்ட் வைத்தியசாலை. இரண்டு நாட்களுக்கு முன் கென்னடிக்காகப் போராடிய வைத்தியர்களில் சிலர் இவருக்கும் கத்தி பிடித்தார்கள். பெருநாடி, கீழ்ப்பெருநாளம், குடலுக்கு இரத்தம் கொடுக்கும் பிரதான நாடி மூன்றையும் அந்தக் குண்டு கிழித்திருந்தது. பெருநாடியைக் கவ்வி இரத்தப்பெருக்கைக் கட்டுக்குள் கொண்டுவந்த பின்னர் இதயம் நின்றது. பிற்பகல் 1.07க்கு மரணம். தூரமே எல்லாம் என்று நினைப்பவர்களுக்கு இதையும் சொல்ல வேண்டும்.

ஆனாலும் தூரம் பெரிதுதான். இரண்டாம் உலகப் போரின் அமெரிக்கப் படையினரது நாடிக் காயங்களை டிபேக்கியும் சிமியோனியும் 1946இல் தொகுத்தார்கள். மொத்தம் 2,471. அவற்றில் வயிற்றுக்குரியவை 49தான். ஹூஸ்டன் நகரில் முப்பது ஆண்டுகளில் சேர்ந்த 4,459 பேரின் இரத்தக் குழாய்க் காயங்களிலோ ஏறத்தாழ மூன்றிலொன்று வயிற்றில். போர்க்களத்தில் குண்டு வயிற்றைத் தவிர்த்துவிட்டுப் போனது என்றா பொருள்? வயிற்றில் பட்டவர்கள் கணக்கெடுப்பவரிடம் வந்துசேரவில்லை. லக்கலவின் கணக்கும் அப்படித்தான் இருக்கும். கட்டுத்துவக்கால் வயிற்றில் காயப்பட்டவர்கள் அரிது என்று வைத்தியசாலைப் பதிவேடு சொல்லலாம். காட்டுத் தடத்திலும் லொறியிலும் முடிந்துபோனவர்கள் அந்தப் பதிவேட்டில் இல்லை. மரண விசாரணை அதிகாரியின் ஏட்டில் இருக்கிறார்கள்.

இனி அந்தப் பிளாஸ்டிக் பைக்கு வருகிறேன்.

நிறைய இரத்தம் இழந்தவரின் உடல் குளிர்ந்துபோகும். இரத்தத்தில் அமிலம் ஏறும். இவ்விரண்டும் சேர்ந்தால் இரத்தம் உறையும் சக்தியை இழக்கும். உறையாததால் மேலும் ஒழுகும். ஒழுக ஒழுக மேலும் குளிரும். இந்தச் சுழலில் விழுந்தவருக்கு ஆறு மணித்தியாலம் நின்று அழகாகத் தைத்து முடிப்பது, பிணத்தைத் தைப்பதுதான். 1993இல் பிலடெல்பியாவின் ரொட்டொண்டோ, ஷ்வாப் ஆகியோர் வேறொரு முறையை வரையறுத்து எழுதினார்கள். ஓட்டை விழுந்த போர்க்கப்பலை நடுக்கடலில் முழுதாகத் திருத்துவதில்லை. மூழ்காமல் அடைத்துக்கொண்டு துறைமுகம் சேர்ப்பார்கள். அதுபோல, முதலில் இரத்தத்தை நிறுத்து, ஒழுகும் இடத்தில் துணியை அடை, குடலின் ஓட்டைகளைக் கட்டு, இணைக்காதே, வயிற்றை மூடாதே, அதிதீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோய்ச் சூடேற்று, இரத்தம் கொடு, ஒன்றரை நாள் கழித்துத் திரும்பி வந்து மிச்ச வேலையைச் செய்.

வீங்கிய குடலை வயிற்றுக்குள் திணித்து இழுத்துத் தைத்தால் அழுத்தமேறிச் சிறுநீரகம் நின்றுவிடும். திறந்தபடி விட்டால் காய்ந்து கிழியும். கொலம்பியாவின் பொகோட்டா நகரில், ஏழைகளுக்கான வைத்தியசாலையொன்றில், ஒஸ்வால்டோ பொராயெஸ் என்ற இளம் வைத்தியர் 1984இல் ஒரு வழி கண்டார்: கிருமி நீக்கிய சேலைன் பையை வெட்டி விரித்து வயிற்று ஓரங்களில் தைத்துவிட்டார். குடல் ஈரத்தோடு இருக்கும், உள்ளே நடப்பது வெளியே தெரியும், செலவும் இல்லை. அதற்குப் ‘பொகோட்டாப் பை’ என்றே இன்று உலகெங்கும் பெயர். நான் முதற்பக்கத்தில் இழிவுபடுத்தியது அந்தப் பையைத்தான்.

“அவருக்கு உடம்புச் சூடு முப்பத்துநாலுக்கும் கீழே. சன்னம் பாதி, உங்கட ரிவஸ்டன் காத்துப் பாதி” என்றார் டொக்டர். கீழ்ப்பெருநாளம் தைக்க முடியாதபடி நைந்திருந்தது. நேரமும் இல்லை. சிறுநீரகங்களுக்குக் கீழேயுள்ள பகுதியில் அதை அப்படியே கட்டிவிட்டார். பெருநாடியைக் கட்டினால் கால்கள் செத்துவிடும். நாளத்தைக் கட்டினால் இரத்தம் மெல்ல மெல்லப் பக்கவழிகளைத் தேடிக்கொள்ளும், கால்கள் வீங்கும், ஆள் இருப்பான். பதினொரு பை இரத்தம் சென்றது. என் செய்தி அச்சாகிக்கொண்டிருந்த இரவில்தான் இரண்டாம் சத்திரசிகிச்சை நடந்து, துணிகள் எடுக்கப்பட்டு, வயிறு மூடப்பட்டது. பத்திரிகை கடைக்கு வந்தபோது அதன் தலைப்பே உண்மையில்லாமற் போயிருந்தது.

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

“முந்தநாள் இன்னொரு ஆள் வந்தது. மாடு முட்டின காயம். இதே வேலைதான் செய்ய வேண்டியிருந்தது. மனுசி கையெழுத்துப் போடமாட்டன் எண்டுட்டா. உங்கட பேப்பரைக் காட்டினா. மூண்டு மணித்தியாலம் கழிச்சுத்தான் போட்டவ.”

“அவர் இப்போது எப்படி, டொக்டர்?”

அவர் தாளை மடித்து என் கையில் கொடுத்தார். கூடத்தில் காத்திருக்கிறார்கள் என்று எழுந்துகொண்டார். அந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்குப் பதில் கிடைக்கவில்லை. விடுதிக்குப் போய் விசாரித்திருக்கலாம். போகவில்லை.

திருத்தம் வெளியானது. உட்பக்கத்தில், ஐந்து வரி.

இந்த இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலான காலத்தில் எவ்வளவோ மாறியிருக்கிறது. ஜப்பானிய வைத்திய விஞ்ஞானி உடாகோ ஒகமோட்டோ கணவருடன் சேர்ந்து 1960களில் கண்டறிந்த டிரானெக்சமிக் அமிலம் என்ற மலிவான மருந்து, காயப்பட்டவர்களின் இரத்தப்போக்கு மரணங்களைக் குறைக்கிறது என்று நாற்பது நாடுகளில் இருபதாயிரத்துக்கு மேற்பட்டோரிடம் நடத்திய ஆய்வு 2010இல் நிறுவியது. ஆனால் மூன்று மணித்தியாலத்துக்குள் கொடுக்க வேண்டும். பிந்தினால் தீமையாகவும் முடியலாம். 1990 ‘சுவசெரிய’ இலவச அம்புலன்ஸ் சேவை 2016இல் இந்திய நன்கொடையுடன் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிப் பின்னர் நாடெங்கும் விரிந்தது. அதன் பெறுமதியை நகரத்தவர்களைவிட மலைநாட்டவர்கள் அறிவார்கள்.

1987 ஓகஸ்ட் 18ஆம் திகதி பாராளுமன்றக் கட்டடத்தில் கைக்குண்டு வெடித்தபோது அமைச்சர் லலித் அத்துலத்முதலி படுகாயமடைந்தார். சில கிலோமீற்றர் தொலைவில் ஸ்ரீ ஜயவர்த்தனபுர வைத்தியசாலை. அவர் பிழைத்தார். அந்தச் சில கிலோமீற்றரை லக்கலவின் சேனைக்காரனுக்கு யாரும் கட்டிக்கொடுக்க முடியாது. சாக்குத் தொட்டிலில் சுமந்த தூரத்தை அம்புலன்ஸும் சுருக்காது. தடத்தில் கட்டிய கம்பியை அவிழ்ப்பதுதான் மிச்சமுள்ள வைத்தியம். அதைப் பற்றி நான் பொலிஸ் செய்தியாக எத்தனையோ முறை எழுதினேன். ஒருமுறையேனும் முதற்பக்கம் கிடைத்ததில்லை.

சென்ற ஆண்டு போனபோது பழைய பல்லேகம நகரம் இல்லை. களு கங்கை நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டது. மேட்டில் புதிய நகரம், அகன்ற வீதிகள். அந்த மனிதர் காயம் ஆறிய பிறகு தோட்டத்துக்குத் திரும்பவில்லை. மகளின் குடும்பத்தோடு அந்தப் பக்கமே தங்கிவிட்டார் என்று கேள்விப்பட்டு விசாரித்துக்கொண்டு போனேன். எழுபதை நெருங்குகிறார். இரண்டு கால்களிலும் முழங்கால்வரை மீள்துணி சுற்றியிருந்தது. காலையில் கட்டாவிட்டால் மாலையில் செருப்பு ஏறாதாம். சட்டையைத் தூக்கி நடுவயிற்றுத் தழும்பைக் காட்டினார்.

நான் யாரென்று சொன்னதும் முகம் மலர்ந்தது. “அட, பேப்பர்ல போட்ட ஐயாவா!” மகளைக் கூப்பிட்டார். சுவரில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் கண்ணாடிச் சட்டமொன்று தொங்கியது. அதைக் கழற்றிக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். மஞ்சளேறிய முதற்பக்கம். தலைப்பு இன்னும் கறுப்பாகவே இருந்தது.

பிறகு திருத்தம் ஒன்று வந்ததே, தெரியுமா என்று கேட்டேன்.

“அது தெரியாதுங்கையா. தம்பி இதைத்தான் வெட்டி வச்சான்” என்றார். “படம் நல்லா வந்திருக்கு, பாருங்க. அதுல நிக்கிறது எங்கம்மா.”